முதல் ரத்தத்தில் தெரியாதது

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் லேப்பில் புது மிஷின் ஒன்று வந்திருக்கிறதென்று போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறதா என்பதற்கான அடையாளத்தை அது எண்ணாகவே காகிதத்தில் அடித்துத் தருகிறது. ஒரு பொத்தானை அழுத்திவிட்டு லேப்பில் வேலை செய்யும் பிள்ளைகள் போய்க் காப்பி குடிக்கிறார்கள்.

“உங்க காலத்துல இதை எப்படிக்கா பாத்தீங்க? கையாலயா?” என்று அங்கே வேலை செய்யும் ஒரு பெண் கேட்டாள்.

“கையாலயும் கண்ணாலயும்தான்டி. காப்பி குடிக்க எங்களுக்கு நேரம் ஏது?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் அவளே, “நம்ம ஊழியர் சங்கத்து மலருக்கு எழுதிக் கொடுங்கக்கா” என்றாள். எழுதுகிறேன். எழுத்துப் பிழையைப் படித்தவர்கள் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

என் பெயர் அஞ்சலை. ரந்தாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதன் பிறகு ஆயாக் கொட்டகையில் வேலை. தாய்மார் பாலுக்காக ரப்பர் மரத்தைக் கீறி வெட்டப் போய்விடுவார்கள். தொட்டில் வரிசையில் கிடக்கும் கைக்குழந்தைகளை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அங்கிருந்து சிரம்பானில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தரை கழுவ வந்தேன். தரை கழுவ வந்தவள், குழந்தை வார்டில் ரத்தம் எடுக்கிறவளாக ஓய்வு பெற்றேன். எவருடைய சிபாரிசும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் யார் சொல்லப்போகிறார்கள்?

என்னை லேப்புக்குள் இழுத்தவர், அதற்குப் பொறுப்பாக இருந்த கனகரத்தினம் ஐயா. சிலோன்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, அதில் ஒரு சொட்டு சாயம் பட்டாலும் வீட்டுக்குப் போய் மாற்றிக்கொண்டு வருகிற ஆள். தோட்டத்து ஆட்களோடு அளவாகத்தான் பேசுவார். ஒருநாள் வார்டில் ஒரு குழந்தையின் குதிகாலில் ரத்தம் எடுக்க முடியாமல் அவர் வேர்த்து நின்றபோது, நான் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அந்தக் குழந்தையை வாங்கி மடியில் போட்டேன். அது அழுகையை நிறுத்தியது. அவ்வளவுதான் நான் செய்தது. அவர் ரத்தத்தை எடுத்து முடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உமக்குப் பேர் என்ன?”

“அஞ்சலைங்க ஐயா.”

“நாளைக்கு லேப்புக்கு வாரும். கையை நல்லாக் கழுவிப்போட்டு வாரும்.”

அதற்கடுத்த இரண்டு மூன்று வருடங்களை நான் விவரிக்கப் போவதில்லை. திட்டு வாங்கினேன், கற்றுக்கொண்டேன். கற்றது இதுதான். குத்துவதற்கு முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழந்தையின் குதிகாலில் சுற்றி வைக்க வேண்டும். சூடு உன் கன்னத்தில் வைத்துத் தாங்குகிற சூடாக இருக்க வேண்டும். பிறகு ஸ்பிரிட்டால் துடைத்து, அது காயும்வரை பொறுத்திருக்க வேண்டும். குதிகாலின் நடுவில் குத்தவே கூடாது, அங்கே எலும்பு. ஓரத்தில் குத்த வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்த சொட்டு தானாக உருண்டு வரும்வரை காத்திருந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயை அதில் தொட வேண்டும்; குழாய் தானே இழுத்துக்கொள்ளும். பிசைந்து எடுத்தால் ரத்தம் உடைந்துபோகும். சுற்றும் மிஷினில் வைத்து எடுத்தால் மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் சிவந்து வரும். அதை வைத்து ஒன்றும் பார்க்க முடியாது. என் கையில் சிவந்து வந்தது எதுவும் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு இருக்கலாம். அப்புறம் இல்லை. கோலாலம்பூரிலிருந்து வந்த பெரிய ஸ்பெஷலிஸ்ட் ஒருவர், குறை மாதத்தில் பிறந்து என் இரண்டு உள்ளங்கை நீளமே இருந்த ஒரு சிசுவின் காலைக் காட்டி, “இதில் எடுப்பாயா?” என்று மலாயில் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அவர் போகும்போது எனக்குக் கை கொடுத்தார், எனக்கு மட்டும்.

எதற்காக இந்தப் பாடு என்றால், பச்சைக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி ஏறினால் பெரியவர்களைப்போலக் காய்ச்சல் அடிக்கும் என்று நிச்சயமில்லை. சும்மா படுத்திருக்கும். உடம்பு ஜில்லென்று ஆகும், பால் குடிக்காது, அவ்வளவுதான். ரத்தத்தை வளர்த்துக் கிருமியைக் கண்டுபிடிக்கிற சோதனை ஒன்று உண்டு. அதன் முடிவு வர நாட்கள் ஆகும். பல குழந்தைகளுக்கு அந்த நாட்கள் கிடைப்பதில்லை.

அதனால்தான் சி.ஆர்.பி. சோதனை எங்களுக்கு வந்தபோது கனகரத்தினம் ஐயா அந்தச் சின்னப் பெட்டியைச் சாமி படத்தை எடுத்து வருவதுபோல இரண்டு கையாலும் தூக்கி வந்தார். கிருமி உள்ளே நுழைந்தால் ஈரல் ஒரு சத்தை ரத்தத்தில் விடுகிறது. அதைத்தான் இது பிடிக்கிறது. கறுப்புக் கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு ரத்த நீர், பக்கத்தில் பால் போன்ற மருந்து ஒரு சொட்டு. குச்சியால் கலந்து, விளக்கடியில் தட்டை இரண்டு நிமிடம் இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொண்டிருக்க வேண்டும். சத்து இல்லாவிட்டால் பால் பாலாகவே இருக்கும். இருந்தால் திரியும். வெள்ளை வெள்ளையாக மணல்போலக் கட்டும்.

“இதுக்கு என்ன பேர் ஐயா?”

“லேட்டெக்ஸ்.”

“அட, எங்க தோட்டத்துப் பாலு! இதுக்கா பெட்டியில பூட்டி வச்சிருக்கீங்க? நான் வாளியில கொண்டாந்து தரேன்லா.”

அவர் சிரிக்கவில்லை. “இது மரத்துப் பால் இல்லை. பேர் மட்டும்தான் அது. இது செய்த பொருள். நீர் தட்டை ஆட்டும்.”

ஆனாலும் திரிந்த பாலைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஆசிட் ஊற்றிய தொட்டியில் பால் கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். முதல் மணல் எழும்போதே, “வருது ஐயா” என்பேன்.

“பொறும்” என்பார். இரண்டு நிமிடம் முடிந்தால்தான் அவர் தட்டைக் குனிந்து பார்ப்பார். அதிலும் ஒரு தடவை பார்த்து முடிவு சொல்லமாட்டார். திரியாவிட்டால், “இது இண்டைக்கு. நாளைக்கு ஒருக்கா எடுக்கவேணும்” என்பார். ஈரல் அந்தச் சத்தை உடனே விடாது, அரை நாளாவது எடுக்கும். நோய் தொடங்கிய அன்றே எடுத்த ரத்தம் சுத்தமாகத்தான் தெரியும். டாக்டர்கள் அவசரப்பட்டு, “நெகட்டிவ்தானே மிஸ்டர் ரத்தினம்?” என்று கேட்டால், “முதல் ரத்தம் நெகட்டிவ்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவரிடமிருந்து வாங்க முடியாது. கடைத்தெருவில் மழை வருமா என்று கேட்டால்கூட, வந்த பிறகு பார்ப்போம் என்கிற மனிதர்.

இனி அந்தக் குழந்தையைப் பற்றி.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா சமயம். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் ஒரு தாயையும் குழந்தையையும் வேனில் ஏற்றி அனுப்பியிருந்தார். தாய் பெயர் சரசு. புருஷன் முனியாண்டி, பால் மரம் வெட்டுகிறவன், சின்ன வயதில் நான் ஆயாக் கொட்டகையில் தூக்கி வளர்த்தவன். ஆண் குழந்தை, பிறந்து மூன்று நாள். காலையிலிருந்து சரியாகப் பால் குடிக்கவில்லை. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. நான் ரத்தம் எடுத்தேன். கனகரத்தினம் ஐயா தட்டை ஆட்டினார். பால் பாலாகவே இருந்தது.

“முதல் ரத்தம்” என்றார்.

டாக்டர் மலாய்க்காரர், இளவயது. இன்று வார்டில் கண்முன்னே இருக்கட்டும், நாளை இன்னொரு ரத்தம் பார்த்துவிட்டு மருந்து தொடங்கலாம் என்றார். அந்த நேரத்தில் வாட்ச்மேன் வந்து, வாசலில் யாரோ என்னைக் கேட்பதாகச் சொன்னான்.

போனேன். கேட்டுக்கு வெளியே மரத்தடியில் முனியாண்டி நின்றான். மஞ்சள் வேட்டி, வெறுங்கால், மணிக்கட்டில் மஞ்சள் கிழங்கு வைத்துக் கட்டிய காப்பு.

“என்னடா, வெயில்ல நிக்கிற? உள்ள வா.”

“வரக்கூடாதுக்கா. தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கேன். புள்ள பொறந்த தீட்டு இருக்கு, ஆஸ்பத்திரித் தீட்டு இருக்கு. இன்னும் புள்ள மொகத்தையே நான் பாக்கல. ரத்தத்துல என்னக்கா சொல்றாங்க?”

“இப்போதைக்குச் சுத்தமாத்தான் தெரியுது. நாளைக்கு இன்னொரு தடவ பாக்கணும்.”

அவன் முகம் மலர்ந்தது. “சுத்தமா இருக்கில்ல? அப்ப அனுப்பி வைங்கக்கா. வேன் திரும்பப் போகுது.”

“இப்போதைக்குன்னு சொன்னேன்டா.”

“காப்புக் கட்டின வீட்டு ஆளுங்க எல்ல தாண்டி ராத் தங்கக்கூடாது. நீங்க டவுன்காரி ஆயிட்டீங்க, அதுக்காக மறந்துமா போச்சு?”

“மறக்கலடா. பச்சப் புள்ளைக்கும் சேத்தா அந்தச் சட்டம்?”

“இந்தக் காப்பே அந்தப் புள்ளைக்குத்தான்க்கா.” அவன் கையைத் தூக்கிக் காட்டினான். “முந்தி ரெண்டு போச்சு, ஒங்களுக்குத் தெரியும். ரெண்டையும் ஆஸ்பத்திரியில வச்சுத்தான் பறிகுடுத்தேன். ரெண்டு தடவயும் இப்படித்தான், நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னாங்க. இது நின்னா தீக்குழியில எறங்குறேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருக்கேன். அவ இங்க தங்கினா காப்பு கெட்டுச்சு. காப்பு கெட்டா நான் எறங்க முடியாது. நான் எறங்கலன்னா புள்ள எனக்கு நிக்காது.”

நான் வாயாடி. பெரிய டாக்டர்களையே எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அன்று அந்த மரத்தடியில், தட்டில் பால் திரிகிற கதைவரை எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன், திட்டியும் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். நான் மூச்சு வாங்கியபோது, “சுத்தம்னு நீங்கதானக்கா சொன்னீங்க” என்றான்.

உள்ளே வந்து சரசுவிடம் சொன்னேன். “நான் இருக்கேன்க்கா. அவரு போகட்டும், நான் இருக்கேன்” என்றாள் முதலில். மறுபடி வாசலுக்கு ஓடினேன். மறுபடி உள்ளே வந்தேன். மூன்றாவது முறை நான் வந்தபோது அவள் குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். “ரெண்டு போயிருச்சேக்கா. அவரு பேச்சக் கேக்காம இதுவும் போச்சுன்னா, நான் எங்க போயி நிப்பேன்?” டாக்டர் என்னைப் பார்த்து, “காக், பஹாயா லா. அக்கா, ஆபத்து என்று நன்றாகச் சொல்லு” என்றார். சொல்லியாகிவிட்டது என்றேன். தங்கள் பொறுப்பில் அழைத்துப் போவதாகக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

கனகரத்தினம் ஐயா கண்ணாடித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். சுத்தமான தட்டை வெகுநேரம் கழுவினார்.

“போட்டினமோ?”

“போயிட்டாங்க ஐயா.”

“நாளைக்குக் காலமை நீர் தோட்டத்துக்குப் போவீரோ?”

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. “வெளியில எடுத்த ரத்தம் இந்த லேப்புக்குள்ள வரக்கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானே?”

“ஓம். நான்தான் போட்டனான்” என்றவர், குழாய்களையும் ஊசியையும் ஒரு பிஸ்கட் டின்னில் பஞ்சு வைத்து அடுக்கி என்னிடம் கொடுத்தார்.

காலையில் பஸ்ஸில் ரந்தாவ் போய், அங்கிருந்து என் தம்பியின் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குள் போனேன். ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. கோயிலுக்கு முன்னால் குழியில் கட்டை எரிந்துகொண்டிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் சரசு வீட்டு வாசலில் பெண்கள் கூட்டம்.

“வா அஞ்சலை, புள்ள நல்லாயிருக்கு. ராத்திரி முழுக்க அழவே இல்ல, தங்கமான புள்ள” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. இன்னொருத்தி, “உரம் விழுந்து கழுத்து புடிச்சிருந்துச்சு, அதான் பால் குடிக்கல. சேலையில போட்டு உருட்டி எடுத்து விட்டுட்டேன். இனி குடிச்சிரும்” என்றாள் பெருமையாக.

குழந்தையைக் கையில் வாங்கினேன். ஆயாக் கொட்டகையிலும் வார்டிலுமாக எத்தனையோ குழந்தைகளைத் தூக்கிய கை இது. அதற்குமேல் நான் எதையும் கேட்கத் தேவையிருக்கவில்லை. உடம்பு ஜில்லென்றிருந்தது. தோலுக்கடியில் கோடுகோடாக நீலம் ஓடியிருந்தது. துணியை நனைத்து இரண்டு தரம் சுற்றி வைத்தும் குதிகால் சூடேறவில்லை. குத்தினேன். குழந்தை அழவில்லை. சொட்டு மெதுவாக, வெகு மெதுவாக உருண்டது. பிசைந்துவிடு என்று மனசு சொன்னது. நான் பிசையவில்லை.

முனியாண்டியைக் கூப்பிடச் சொன்னேன். லயத்துக் கோடிவரை வந்து நின்றான், கிட்டே வரவில்லை.

“டேய், இப்பவே பொறப்படு. கண்ணால பாத்தே சொல்றேன்.”

“நேத்து ரத்தம் சுத்தம்னீங்க. இப்ப கண்ணுல பாத்துச் சொல்றீங்க. நான் எத நம்புறது?” அவனுக்குப் பின்னால் கோயில் ஆட்கள் வந்து நின்றுகொண்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே என்று கேட்பவர்கள், திருவிழா நாளில் ஒரு லயத்தைப் பார்க்காதவர்கள். அவன் என் கையிலிருந்த டின்னையே பார்த்தான். “இந்த ரத்தத்துல பால் திரிஞ்சா?”

“திரிஞ்சா நீ வரணும்.”

“திரிஞ்சா நான் காப்ப அறுத்துட்டு வர்றேன்க்கா.”

பின்னால் நின்றவர்களில் ஒருவர், “வாயக் கழுவுடா!” என்று கத்தினார். நான் மோட்டாரில் ஏறிவிட்டேன். ரந்தாவில் நிற்கவில்லை, தம்பி சிரம்பான்வரை ஓட்டினான்.

லேப்பில் நீர் தெளிந்து வந்தது, சிவப்பே இல்லை. தட்டில் இரண்டு சொட்டையும் கலந்து கனகரத்தினம் ஐயா சாய்க்கத் தொடங்கினார். முதல் சாய்ப்பிலேயே மணல் எழுந்தது. அடுத்ததில் கட்டி கட்டியாக ஒதுங்கி, நடுவில் வெறும் தண்ணீர் நின்றது. நான் “வருது” என்று சொல்லவில்லை. அவர் இரண்டு நிமிடம் பொறுக்கவில்லை. தட்டை அப்படியே வைத்துவிட்டு, லேப் கோட்டைக் கழற்றி, கார்ச் சாவியை எடுத்தார்.

அத்தனை வருடத்தில் தோட்டத்து லயத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். செம்மண் தெறித்து வெள்ளைக் கால்சட்டை கெட்டது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. தணலைப் பரப்பியிருந்தார்கள். முனியாண்டி ஈர வேட்டியோடு வரிசையில் நின்றான். என் முகத்தைப் பார்த்தான். மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய்ப் பல்லால் காப்பை அறுத்தான்.

மேளம் நின்றது. “முனியாண்டி! ஆத்தா சும்மா விடமாட்டா!” என்று கோயில் தலைவர் கத்தினார். அவன் வீட்டுக்குள் ஓடி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தான். காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பிறந்ததிலிருந்து பார்க்காத அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

“லேசா இருக்கானேக்கா” என்றான் ஒரு தடவை.

மருந்து உடனே ஏற்றினார்கள். டாக்டர் வீட்டுக்குப் போகவில்லை. மறுநாள் மத்தியானம் குழந்தை போய்விட்டது. அதற்குப் பிறகுதான் வளர்த்துப் பார்த்த ரத்தத்தின் முடிவு வந்தது. கிருமி இன்னதென்று தெரிந்தது. ஏற்றிய மருந்து அதற்குச் சரியான மருந்துதான்.

காரியமெல்லாம் முடிந்து சில வாரம் கழித்து இரண்டு பேரும் லேப்புக்கு வந்தார்கள். தோட்டத்தில் அவர்களோடு யாரும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். காப்பை அறுத்தான், ஆத்தா எடுத்துக்கொண்டாள் என்று ஊரே சொன்னது. முனியாண்டி நாற்காலியில் உட்கார மறுத்தான். கனகரத்தினம் ஐயாவிடம் நேராகவே கேட்டான்.

“சார், படிச்சவரு நீங்க சொல்லுங்க. நான் காப்ப அறுத்ததாலயா புள்ள போச்சு?”

“இல்லை.” ஐயா உடனே சொன்னார். “அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

முனியாண்டி தலையாட்டினான். பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. “அப்ப, மொத நாளே இங்க விட்டிருந்தா?”

நான் ஐயாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முதல் ரத்தம், இரண்டாம் ரத்தம், இடையில் போன ஓர் இரவு, எல்லாம் எனக்குத் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“முதல் நாளே விட்டிருந்தாலும் இப்பிடித்தான் முடிஞ்சிருக்கும்” என்றார் கனகரத்தினம் ஐயா. “ரத்தத்தில எனக்கு அது தெரிஞ்சது. உம்மட பிழை ஒண்டும் இல்லை.”

முனியாண்டி சுவரில் சாய்ந்து, குலுங்கிக் குலுங்கி அழுதான். ஐயா திரும்பி, மேசையில் ஏற்கெனவே ஒழுங்காக இருந்த குழாய்களை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார்.

பஸ் நிறுத்தம்வரை நான் கூடப் போனேன். அவன் முன்னால் நடந்தான். சரசு என் பக்கத்தில் வந்தாள். பால் கட்டிய வலி இன்னும் போகவில்லை போலிருக்கிறது, கையைக் குறுக்கே வைத்து நெஞ்சைத் தாங்கியபடி நடந்தாள்.

“அக்கா, அந்த ஐயா சொன்னது அவருக்காகத்தானே?”

நான் பஸ் வருகிற திசையைப் பார்த்தேன்.

“அப்படியே இருக்கட்டும்க்கா” என்றாள். “நீங்களும் அதையே சொல்லுங்க.”

பஸ் வந்தது. அவனை முதலில் ஏறவிட்டு, பின்னால் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.